மாப்ள, உங்க ஊர் கடலும் இந்த ஊர் கடலும்

மாப்ள,

எப்படிடா இருக்கே? தங்கச்சிக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் கேட்டேன், நிம்மதியா இருந்துச்சு. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல்லு, நீ ஞாபகப்படுத்துறேன்னு சொல்லிட்டு டிவி முன்னாடி உக்காந்துடாதே. வாட்ஸ்அப்ல இவ்ளோ நீளமா அடிச்சா நீ படிக்கவே மாட்டே, தம்ஸ் அப் ஒண்ணு போட்டுட்டுப் போயிடுவே, அதான் மெயில்ல எழுதறேன். பையன்கிட்ட சொல்லி பெரிய ஸ்க்ரீன்ல வச்சு நிதானமா படி.

இங்க எல்லாம் சௌக்கியம். பேத்தி நல்லா பேச ஆரம்பிச்சுட்டா, பாதி தமிழ் பாதி இங்கிலீஷ், என்னை மட்டும் சுத்தத் தமிழ்ல திட்டுறா. முட்டிவலி இந்தக் குளிர்ல கொஞ்சம் ஜாஸ்தி, மத்தபடி குறை ஒண்ணும் இல்ல. பொழுதுதான் போக மாட்டேங்குது. வீட்டுக்குப் பக்கத்துல நடந்து போற தூரத்துல ஒரு டீக்கடை கிடையாது, யோசிச்சுப் பாரு, டீக்கடை இல்லாத ஊர்ல மனுஷன் காலைல எந்திரிச்சு என்ன பண்ணுவான்?

போன ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை (நீ இல்லடா, பொண்ணு வீட்டுக்காரர்) எங்க எல்லாரையும் கார்ல ஏத்திக்கிட்டு செசபீக் வளைகுடா பக்கம் கூட்டிட்டுப் போனார். அந்த வளைகுடா வாயில ஒரு பாலம் போட்டிருக்கான் பாரு, கரைக்குக் கரை 28 கிலோமீட்டர். கொஞ்ச தூரம் பாலம், திடீர்னு ரோடு கீழ இறங்கி கடலுக்கு அடியில சுரங்கமா போகுது, மறுபடி மேல வருது, இன்னொரு தடவை அதே மாதிரி உள்ள போகுது. கப்பல் போறதுக்கு வழி விடணும்ல, அதுக்காக. மாப்பிள்ளை அந்தப் பாலத்தைப் பத்தியே பேசிக்கிட்டு வந்தார், நான் ஜன்னல் வழியா தண்ணியைப் பாத்துக்கிட்டு வந்தேன். ஏன்னா அமெரிக்காவுக்கு சுதந்திரம் வாங்கிக் கொடுத்த சண்டை இந்த வாய்க்கு வெளிலதான் நடந்துச்சு, அது அவருக்கே தெரியல, நான் சொன்னதும் அப்படியான்னு கேட்டுட்டு டோல் கட்டப் போயிட்டார்.

அவரைக் குத்தம் சொல்ல முடியாது, இங்க பாதிப் பேருக்குத் தெரியாது. யார்க்டவுன்ல இங்கிலீஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைஞ்சான், வாஷிங்டன் ஜெயிச்சார், அது தெரியும். அந்த யார்க்டவுனுக்கு முன்னாடி 1781 செப்டம்பர் 5 சாயங்காலம் ரெண்டரை மணி நேரம் நடந்த கடல் சண்டை மறந்து போச்சு. மறக்கறதுக்குக் காரணமும் இருக்கு. சண்டையில ஒரு கப்பல் கூட மூழ்கல, ஒரு கப்பல் கூட பிடிபடல. அதை விடு, அமெரிக்கக் கப்பல்னு ஒண்ணு கூட அங்க இல்ல! ஒரு பக்கம் அமெரிக்காவுக்குத் துணையா வந்த பிரெஞ்சுக்காரன் 24 கப்பல், இன்னொரு பக்கம் வெள்ளைக்காரன் 19 கப்பல், அவ்ளோதான். யார் வீட்டுக் கல்யாணமோ அவங்களே பந்தியில இல்லாத மாதிரி.

கதையைச் சொல்றேன் கேளு. கார்ன்வாலிஸ் 7,000 பேருக்கு மேல வச்சுக்கிட்டு விர்ஜீனியாவுல யார்க்டவுன்ல உக்காந்திருந்தான். ஆத்தங்கரை ஊரு, ஆழமான துறை, நம்ம கப்பல் எப்ப வேணா வரும், சாப்பாடும் ஆளும் வரும், ரொம்ப மோசமானா ஏறிப் போயிடலாம்னு நெனச்சுத்தான் அங்க கோட்டை கட்டினான். அந்த நெனப்புல தப்பு இல்லடா, அந்தக் காலத்து இங்கிலீஷ்காரன் எங்க போனாலும் அப்படித்தான் சண்டை போட்டான், முதுகை கடல் பக்கம் வச்சுக்கிட்டு. முன்னாடி எவன் வந்தாலும் கவலை இல்ல, பின்னாடி நம்ம ஆளு இருக்கான்.

அந்தப் பின்பக்கத்தை அடைச்சவர்தான் தெ கிராஸ், பிரெஞ்சு அட்மிரல். கரீபியன் பக்கம் இருந்தவரு, வாஷிங்டனும் அவரோட சேந்திருந்த பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவும் கூப்பிட்டதும், கையில இருந்த 28 போர்க்கப்பலையும் மொத்தமா கிளப்பிக்கிட்டு வந்துட்டாரு. வழக்கமா வியாபாரக் கப்பலுக்குக் காவல்னு பாதியை விட்டுட்டுத்தான் வருவாங்க, இவர் ஒண்ணு விடல. 3,000 பேருக்கு மேல சோல்ஜர், அப்புறம் சம்பளம் போட காசு இல்லாம முழிச்ச படைக்கு ஹவானாவுல இருந்து 5 லட்சம் பெசோ வெள்ளி. அதுவும் நேர் வழியில வராம கியூபாவுக்கு வடக்க இருக்கற குறுகலான கால்வாய் வழியா வந்தாரு, பெரிய கப்பல் கூட்டம் போகப் பயப்படற வழி அது. இவரைத் துரத்தி வந்த ஹூட்ங்கற இங்கிலீஷ் அட்மிரல் நேர் வழியில வேகமா வந்து ஆகஸ்ட் 25 அன்னைக்கே வளைகுடாவை எட்டிப் பாத்துட்டு, யாரையும் காணோம்னு நியூயார்க் போயிட்டாரு. அஞ்சு நாள் கழிச்சு தெ கிராஸ் வந்து அதே இடத்துல நங்கூரம் போட்டாரு. பஸ் ஸ்டாண்டுல நாம ஒருத்தனைத் தேடிட்டு இல்லன்னு வீட்டுக்குப் போவோம், அவன் அடுத்த பஸ்ல வந்து இறங்குவானே, அந்தக் கதைதான்.

நியூயார்க்ல கிரேவ்ஸ்னு ஒரு அட்மிரல். அவர்கிட்ட ரெடியா இருந்தது 5 கப்பல், ஹூட் கொண்டு வந்தது 14, ரெண்டும் சேந்து 19. கிளம்பி வந்தாங்க. செப்டம்பர் 5 காலைல வாயை நெருங்கினா, கேப் ஹென்றி முனைக்கு உள்பக்கம் பாய்மரம் பாய்மரமா நிக்குது.

இந்த இடத்தைத்தான் மாப்ள உனக்காக நிறுத்திச் சொல்லப்போறேன், ஏன்னா உங்க அப்பா லாஞ்ச் வச்சிருந்தவர், முகத்துவாரத்துல தண்ணி எப்ப ஏறும் எப்ப வத்தும்னு திண்ணையில உக்காந்தே சொல்வாரு. காத்து அன்னைக்கு வடகிழக்கு, நம்ம வாடைதான். வெள்ளைக்காரனுக்குப் பின்னாடி இருந்து காத்து, நேரா உள்ள இறங்கி அடிக்கலாம். பிரெஞ்சுக்காரன் வெளிய வரணும்னா தண்ணி வத்தற நேரம் வரணும், அதுவரைக்கும் ஏறுற தண்ணி அவனை உள்ள தள்ளிக்கிட்டே இருக்கு. அதுக்கு மேல தெ கிராஸ் 1,900 பேரை, அதிகாரிங்களையும் சேத்து, படகுல கரைக்கு அனுப்பியிருந்தாரு, தண்ணி எடுக்க, விறகு வெட்ட, சோல்ஜரை இறக்க. அவங்க வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னாடி தண்ணி வெளிய இழுக்க ஆரம்பிச்சதும், நங்கூரத்தை ஏத்தக்கூட நேரம் இல்லாம கயித்தை அப்படியே விட்டுட்டு, அடையாளத்துக்கு ஒரு மிதவையைக் கட்டிட்டு, எவன் முதல்ல பாய் விரிச்சானோ அவன் முதல்லன்னு கிளம்பினாங்க. வாய் பாக்கறதுக்கு 20 கிலோமீட்டர் அகலம், ஆனா நடுவுல மணல் திட்டு, பெரிய கப்பலுக்கு உண்டான ஆழமான வழி கொஞ்சம்தான். அதுக்குள்ள 24 கப்பலும் முட்டிக்கிட்டு வருது, 28-ல மீதி நாலு ஆத்துப் பக்கம் காவலுக்குப் போயிருந்துச்சு. முதல் நாலு கப்பல் முன்னாடி தனியா வந்துடுச்சு, மத்தது எங்கியோ பின்னாடி திண்டாடுது.

அந்த நேரத்துல கிரேவ்ஸ் இறங்கி அடிச்சிருந்தா? நாலு கப்பலையும் தனித்தனியா பிடிச்சு நொறுக்கியிருக்கலாம். செய்யல. அவர் படிச்ச பாடத்துல என்ன இருந்துச்சு, நம்ம வரிசை எதிரி வரிசைக்கு நேரா நிக்கணும், அப்புறம்தான் அடிக்கணும். அதனால எதிரி வரிசை கட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாரு! 19 கப்பலையும் திருப்பி கிழக்க பாத்து நிறுத்தி, ஒழுங்கா பக்கத்துக்குப் பக்கம் வர்றதுக்கு மணி நாலு ஆயிடுச்சு. நான் கரையில செருப்பைக் கழட்டிட்டு நின்னு பாத்தேன், தண்ணி வெளிய இழுக்கற நேரம், கால் அடில மணல் நழுவுது. இந்த இழுப்பு தெ கிராஸை வெளிய கொண்டு வந்து விட்டுருக்கு, மேல இருந்த காத்து கிரேவ்ஸ் பக்கம் இருந்திருக்கு, ரெண்டுல ஒண்ணைத்தான் அன்னைக்கு ஒருத்தன் உபயோகப்படுத்தினான்.

இன்னொரு கூத்து கேளு. கிரேவ்ஸ் கப்பல்ல ரெண்டு கொடி பறந்துச்சு. ஒண்ணு, வரிசை மாறாம ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் வா. இன்னொண்ணு, கிட்ட போய் அடி. ரெண்டையும் ஒரே நேரத்துல எப்படிடா செய்யறது? முன்னாடி இருந்த கப்பல் எல்லாம் கிட்ட போய் செம அடி வாங்கிக்கிட்டு இருக்கு, ஷ்ரூஸ்பரிங்கற கப்பலோட கேப்டனுக்குக் காலே போச்சு. கடைசி வரிசைக்கு அதிகாரி நம்ம ஹூட். அவர் வரிசைக் கொடியைப் பாத்துக்கிட்டு வரிசையிலயே வந்தாரு, குண்டு எட்டற தூரத்துக்கு அவர் கப்பல்கள் வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சுடுச்சு. மறுநாள் காலைலயே ஹூட் பேப்பர் எடுத்து கிரேவ்ஸ் மேல பக்கம் பக்கமா குறை எழுதறாரு, அதே நாள் கிரேவ்ஸ் ஒரு சர்க்குலர் விடறாரு, ரெண்டு கொடியும் பறந்தா வரிசைக் கொடியைப் பிடிச்சுக்கிட்டு சண்டைக் கொடியைக் கோட்டை விடக்கூடாதுன்னு. படிச்சதும் எனக்கு சிரிப்பு தாங்கல. நம்ம பழைய ஆபீஸ்ல ஒரே நாள்ல ரெண்டு ஆர்டர் வரும், செலவைக் குறை, ஸ்டாக்கைக் கூட்டுன்னு, எல்லாம் கெட்டப்புறம் மூணாவது ஆர்டர் வரும், ரெண்டையும் விவேகமா படிச்சிருக்கணும்னு. ஞாபகம் இருக்கா? நீ அதுக்கு ஒரு கெட்ட வார்த்தை வச்சிருந்தே.

எனக்கென்னவோ ஹூட் கெட்டிக்காரன்தான் ஆனா அன்னைக்கு வேணும்னே ரூலைக் கட்டிக்கிட்டு நின்னார்னு தோணுது. கிட்ட போய் அடின்னு ஒரு கொடி பறக்கறப்ப சும்மா இருந்தவன் அப்புறம் பேப்பர்ல என்ன எழுதினா என்ன? நீ ஒத்துக்க மாட்டே, மேலதிகாரி மேலதான் தப்புன்னு சொல்லுவே, தெரியும். இருபது வருஷம் யூனியன்ல இருந்தவனாச்சே.

பொழுது சாஞ்சதும் சண்டை நின்னுச்சு. இங்கிலீஷ்காரன் பக்கம் 90 பேர் செத்தாங்க, 246 பேருக்குக் காயம். பிரெஞ்சுக்காரன் பக்கம் செத்தவங்க, காயம் பட்டவங்க எல்லாம் சேத்தே 220 சொச்சம். ஓட்டையாகிப் போன டெரிபிள்ங்கற கப்பலை அஞ்சாறு நாள் கழிச்சு அவங்களே கொளுத்திட்டாங்க. இதுல எவன் ஜெயிச்சான்? அன்னைக்கு ராத்திரி கேட்டிருந்தா யாருக்கும் தெரியாது. அடுத்த சில நாள் ரெண்டு கூட்டமும் ஒண்ணை ஒண்ணு முறைச்சுக்கிட்டே தெக்க நகந்து போகுது, நடுவுல பாரா-ங்கற இன்னொரு பிரெஞ்சுக்காரர் 8 போர்க்கப்பலோட, கோட்டையை உடைக்கிற பெரிய பீரங்கி எல்லாம் ஏத்திக்கிட்டு, சத்தம் போடாம வளைகுடாவுக்குள்ள புகுந்துட்டாரு. தெ கிராஸ் அது தெரியாமலே திரும்பி வந்து பாத்தா, உள்ள நம்ம ஆளு! மொத்தம் 36 ஆச்சு. மிதவையை வெட்டி விட்டு நங்கூரத்தைத் தொலைக்கலாம்னு கிரேவ்ஸ் அனுப்பின ரெண்டு சின்னக் கப்பலும் மாட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் கிரேவ்ஸுக்கு நியூயார்க்கைத் தவிர போக்கிடம் இல்ல, செப்டம்பர் 13 அன்னைக்கு திரும்பிட்டாரு.

வாஷிங்டன் இதுக்குள்ள வடக்க இருந்து 600 கிலோமீட்டருக்கு மேல நடந்து வந்துக்கிட்டு இருக்காரு, வழியெல்லாம் கவலை, கப்பல் வருமா வராதான்னு. தெ கிராஸ் வந்துட்டாருங்கற சேதி அவருக்குக் கிடைச்சது அதே செப்டம்பர் 5, இங்க பீரங்கி வெடிச்ச நாள். ரோஷாம்போ படகுல வந்து இறங்கறப்ப பாத்தா, எப்பவும் சிரிக்காத மனுஷன் கரையில நின்னு ஒரு கையில தொப்பி ஒரு கையில கைக்குட்டைன்னு ஆட்டிக்கிட்டு இருந்தாராம். அந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அக்டோபர் 19 கார்ன்வாலிஸ் படை ஆயுதத்தைக் கீழ போட்டுச்சு, அவன் உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வரல, துணை அதிகாரியை அனுப்பினான். அதே 19-ம் தேதிதான் அவனைக் காப்பாத்த நியூயார்க்ல இருந்து கப்பல் கிளம்புது.

சரி, இதெல்லாம் ஏன் உனக்கு எழுதறேன்? ராத்திரி தூக்கம் வராம இதையே நோண்டிக்கிட்டு இருந்தப்ப உங்க ஊர் வந்துச்சுடா. கடலூர்! அமெரிக்காவுல ஆரம்பிச்சு இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் இந்தியா வரைக்கும் இழுத்துட்டு வந்த அந்தப் போரோட கடைசி சண்டை நடந்தது உங்க கடலூருக்கு எதிர்ல. நாம வெள்ளி பீச்ல சுண்டல் தின்னுக்கிட்டு பாத்த அதே தண்ணி.

முதல்ல 1781 பிப்ரவரி. ஹைதர் அலி ஆற்காட்டு நவாபோட கர்நாடகச் சீமையை (இப்ப இருக்கற கர்நாடகா இல்ல, நம்ம பக்கம்தான்) சூறையாடிக்கிட்டு வர்றார், இங்கிலீஷ் தளபதி அயர்கூட் படையோட கடலூர்ல வந்து மாட்டிக்கிட்டான். சுத்தி ஹைதரோட குதிரைப்படை, ஊர்ப்பக்கம் ஒரு மூட்டை அரிசி கிடைக்காது, சாப்பாடு கடல் வழியா மெட்ராஸ்ல இருந்து வந்தாத்தான் உண்டு. அந்த நேரம் பாத்து பிரெஞ்சுக் கப்பல் கூட்டம் வந்து நிக்குது, தோர்வ்னு ஒருத்தர் தலைமையில. இங்கிலீஷ் போர்க்கப்பல் இந்தப் பக்கம் கிடையாது, எல்லாம் மேற்குக் கரையில. ஹைதர் கெஞ்சறாரு, நீ சும்மா கடலை அடைச்சுக்கிட்டு நில்லு போதும், மீதியை நான் பாத்துக்கறேன்னு. யோசிச்சுப் பாரு, யார்க்டவுன் அச்சு அசலா உங்க ஊர்ல, ஏழு மாசம் முன்னாடியே! அந்த தோர்வ் என்ன பண்ணாரு, கொஞ்ச நாள் நின்னுட்டு மொரீஷியஸுக்குத் திரும்பிப் போயிட்டாரு. அயர்கூட் தப்பிச்சான், ஜூலை 1-ம் தேதி பரங்கிப்பேட்டையில ஹைதரைத் தோக்கடிச்சான். ஹைதருக்கு எப்படி எரிஞ்சிருக்கும்?

கார்ன்வாலிஸ் தப்பிக்காததுக்கும் அயர்கூட் தப்பிச்சதுக்கும் இடையில இருக்கறது இவ்ளோதான், ஒரு அட்மிரல் நின்னாரு, ஒருத்தர் போயிட்டாரு. பள்ளிக்கூடத்துல நமக்குப் பரங்கிப்பேட்டைச் சண்டை தேதியை மனப்பாடம் பண்ண வச்ச வாத்தியார் இதைச் சொல்லியிருந்தா நான் பாஸ் பண்ணியிருப்பேன்.

ரெண்டாவது 1783 ஜூன். இப்ப தலைகீழ். கடலூர்க் கோட்டைக்குள்ள பிரெஞ்சுக்காரன் புஸ்ஸி, வெளிய ஸ்டூவர்ட்னு இங்கிலீஷ் தளபதி முற்றுகை போட்டுருக்கான், அவனுக்கு சாப்பாடு கடல் வழியா. கடல்ல இங்கிலீஷ் அட்மிரல் ஹியூஸ் 18 கப்பல், பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரென் 15 கப்பல். ரெண்டு பேரும் முன்ன நாலு தடவை மோதினவங்க, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், இலங்கைக் கரையில ரெண்டு. ஆள் போதலன்னு சஃப்ரென் கோட்டையில இருந்து 1,200 பேரைக் கப்பல்ல ஏத்திக்கிட்டாரு. ஜூன் 20 சண்டை. சஃப்ரென் தன் பெரிய கப்பல்ல இல்ல, ஒரு சின்னக் கப்பல்ல நின்னு நடத்தினாரு, ஏன் தெரியுமா, நம்ம தெ கிராஸ் 1782 ஏப்ரல்ல கரீபியன்ல தோத்து கப்பலோட பிடிபட்டுட்டாரு, அதுலேர்ந்து பிரெஞ்சு ராஜா இனிமே அட்மிரல் எவனும் முன் வரிசையில நிக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டான். செசபீக்ல ஜெயிச்சவரோட தோல்வி உங்க ஊர்க் கடல் வரைக்கும் வந்து எட்டியிருக்கு பாத்தியா.

இதுலயும் கப்பல் எதுவும் மூழ்கல. ஹியூஸ் மெட்ராஸ் போயிட்டாரு, சஃப்ரென் கடலூர்ல நின்னாரு. ஸ்டூவர்ட் நடுவுல மாட்டிக்கிட்டான், இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா என்ன ஆயிருக்குமோ, ஜூன் 29 அன்னைக்கு வெள்ளைக்கொடி கட்டிக்கிட்டு ஒரு கப்பல் வருது, சமாதானம் ஆயிடுச்சுன்னு. ஐரோப்பாவுல கையெழுத்துப் போட்டது ஜனவரி 20! அஞ்சு மாசம் சேதி கடல்ல வந்துக்கிட்டு இருந்திருக்கு, அதுக்குள்ள இங்க ரெண்டு பக்கமும் சேத்து கப்பல்ல மட்டும் 200 பேருக்குப் பக்கமா செத்துப் போயாச்சு.

கார்ன்வாலிஸ் கதை உனக்குத் தெரியும். இங்க தோத்துட்டுப் போனவனை அஞ்சே வருஷத்துல நம்ம தலையில கவர்னர் ஜெனரலா கட்டினாங்க, 1792-ல திப்பு சுல்தானோட ரெண்டு பையன்களைப் பணயமா பிடிச்சுட்டுப் போனான். மெட்ராஸ் கோட்டை மியூசியத்துல சிலையா நிக்கறான், செனடாஃப் ரோடுங்கற பேரே அவன் நினைவு மண்டபத்தால வந்ததுதான். அந்த ரோட்டுல எத்தனை தடவை ஆட்டோவுக்குப் பேரம் பேசியிருப்போம்.

விட்டுப்போச்சு ஒண்ணு. வாயை விட்டு முதல்ல தனியா வெளிய வந்த அந்த நாலு கப்பல் இருந்த முன் வரிசைக்குத் தலைவர் புகேன்வில். உலகம் சுத்தினவர், அவரோட போன தாவர ஆராய்ச்சிக்காரர் தென் அமெரிக்காவுல பாத்த ஒரு செடிக்கு அவர் பேரை வச்சாரு. உங்க வீட்டு கேட் மேல படர்ந்து கிடக்கே காகிதப்பூ, தங்கச்சி வெட்டணும் வெட்டணும்னு சொல்லுமே, அந்தச் செடிதான். கிரேவ்ஸ் அன்னைக்கு மத்தியானம் இறங்கி அடிச்சிருந்தா அந்த மனுஷன் கதை அங்கயே முடிஞ்சிருக்கும்.

அடுத்த மாசம் கடைசியில வந்துடுவேன், டிக்கெட் போட்டாச்சு. வந்ததும் ஒரு நாள் தேவனாம்பட்டினம் போயி அந்த டேவிட் கோட்டைல என்ன மிச்சம் இருக்குன்னு பாக்கணும், சின்ன வயசுல சைக்கிள்ல போனப்ப நீ பனங்காயைத் தூக்கிக்கிட்டு ஓடினதுதான் ஞாபகம் இருக்கே தவிர கோட்டை ஞாபகம் இல்ல. காகிதப்பூவை நான் வர்ற வரைக்கும் வெட்ட வேண்டாம்னு தங்கச்சிகிட்ட சொல்லு. பேத்திக்குக் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு வேணுமாம், அவளுக்கு அந்தப் பேரே தெரியாது, கேக்கறது அவங்க அம்மாதான். ஹூட் விஷயத்துல உன் தீர்ப்பை எழுது.

இப்படிக்கு,
உன் கடைசி பெஞ்சு மாமன்